கோப்புப் பெயர்களின் குறைபாடுகள்: மலையக ஆவணங்களை முன்வைத்து

கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயரும் ஒரு வழியும் உண்டு. எந்த ட்ரைவ், அதற்குள் எந்தக் கோப்புறை, அதற்குள் எந்த உட்கோப்புறை என்று வரிசையாகச் சொல்லிக் கடைசியில் கோப்பின் பெயரில் வந்து நிற்பதே வழி. இந்த முழு வழியையும் ஒவ்வொரு முறையும் தேடிப் போவது சிரமம் என்பதால் இயங்குதளங்களில் குறுக்குவழிகள் வந்தன. டெஸ்க்டொப்பில் மூலையில் சிறிய அம்புக்குறியுடன் தெரியும் படங்கள் அப்படிப்பட்டவை. இவற்றின் அடிப்படை விதிகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், நினைவகம் மிகச் சிறிதாக இருந்த காலத்தில், ஆங்கிலத்தை மட்டுமே மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அன்றைய குறைகள் இன்றும் தொடர்கின்றன. தமிழில் பெயர் வைப்பவருக்கு அவை இரட்டிப்பாகின்றன.

வழியை ஒரு முகவரியாக எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்துக்குள்ளே ஒருவரைத் தேடிப் போக "அஞ்சாம் லயம், கடைசிக் காம்பரா" என்ற அளவு போதும். கொழும்பிலிருந்து கடிதம் வர வேண்டுமானால் பிரிவு, தோட்டம், தபாலகம் எல்லாம் வேண்டும். கணினியில் முதலாவதைச் சார்பு வழி என்றும் இரண்டாவதை முழு வழி என்றும் சொல்வர். சார்பு வழி நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இடம் மாறினால் அதற்குப் பொருள் இல்லை. முழு வழி எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஆனால் இடையில் உள்ள ஒரேயொரு பெயர் மாறினாலும் அது முழுவதுமாகச் செல்லாததாகிவிடும்.

மலையகத்தில் இதைப் பற்றிப் பேச ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இங்குள்ள தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா ஆகிய இரண்டு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் குடும்பங்களிடம் கேட்கப்பட்டது கடதாசிதான். பிறப்புச் சான்றிதழ், தோட்டப் பதிவேடு, செக்ரோல் என்ற வருகை - சம்பளப் பதிவேடு, ஊழியர் சேமலாப நிதி விபரம் என்று எதையாவது ஒன்றைக் காட்டித்தான் இருப்பை நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் கடதாசிகள் இன்று ஸ்கேன் செய்யப்பட்டும் கைத்தொலைபேசியில் படமெடுக்கப்பட்டும் கோப்புகளாகின்றன. கோப்பு எங்கே என்று தெரியாவிட்டால், ஆவணம் கையில் இருந்தும் பயன் இல்லை.

இன்றைய விதிகள் பல சிபிஎம் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்தவை. 1974இல் கெரி கில்டால் அதை உருவாக்கினார். அதில் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் வகையைக் காட்ட மூன்று எழுத்து. 1981இல் வந்த மைக்ரோசொப்ட் டொஸ் அதே முறையை எடுத்துக்கொண்டது. அட்டன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டுக்குள் அடங்கும். தலவாக்கலைக்கு 11 எழுத்து, பொகவந்தலாவைக்கு 13 எழுத்து. வாலை வெட்டாமல் அவற்றை வைக்க இயலாது. ஊர்ப் பெயருக்கே இடம் போதாதபோது மாதமும் ஆண்டும் பிரிவும் எங்கே நுழைவது?

1995இல் விண்டோஸ் 95 வந்தபோது 255 எழுத்து வரை பெயர் வைக்கலாம் என்றானது. பழைய செயலிகளும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் பின்னால் ஒரு குறும்பெயரையும் இயங்குதளம் தானாக உண்டாக்கியது. முதல் ஆறு எழுத்து, பிறகு "~" குறி, பிறகு ஓர் எண். ஆங்கில எழுத்தில் தலவாக்கலை என்று தொடங்கும் இரண்டு கோப்புகள் இருந்தால் முதலில் உருவானது "தலவா~1" என்ற வகையிலும் அடுத்தது "~2" என்றும் பதிவாகும். இந்த எண் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரப்படுவதில்லை. எது முந்திக்கொண்டதோ அதற்கு 1. வேறொரு கணினிக்குப் பிரதி செய்யும்போது வரிசை மாறினால் எண்ணும் மாறிவிடும். குறும்பெயரை நினைவில் வைத்திருக்கும் ஒரு செயலி, மே மாதத்துக் கணக்கென்று நம்பி ஜூன் மாதத்துக் கணக்கைத் திறக்க இவ்வளவு போதும்.

பெயரில் வரக்கூடாத குறிகள் விண்டோஸில் ஒன்பது: \ / : * ? " < > | என்பவை. அரச அலுவலகக் கடிதங்களில் "எனது இல." என்ற இடத்தில் சாய்கோடுகளால் பிரித்துத்தான் இலக்கம் எழுதுவது வழக்கம். திகதியையும் அப்படியே எழுதுகிறோம். இரண்டையும் கோப்புப் பெயராக வைக்க இயலாது. சாய்கோடு வழியைப் பிரிக்கும் குறியாகிவிட்டதால், ஒருவர் அதற்குப் பதில் சிறுகோடு போடுகிறார், இன்னொருவர் அடிக்கோடு போடுகிறார், மூன்றாமவர் இடைவெளி விடுகிறார். ஒரே கடிதத்துக்கு ஒரே அலுவலகத்தில் மூன்று பெயர் உண்டாகிவிடுகிறது.

இவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியாத தடைகள் அதிகத் தொல்லை தருகின்றன. பழைய டொஸ் காலத்தில் அச்சுப்பொறி, விசைப்பலகை முதலிய கருவிகளுக்கு ஒதுக்கப்பட்ட சில மூன்றெழுத்துச் சொற்களை இன்றும் எந்தக் கோப்புக்கும் வைக்க இயலாது. நூல் என்பதை என், யூ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளால் எழுதி ஒரு கோப்புறைக்குப் பெயரிட முயன்றால் விண்டோஸ் மறுத்துவிடும். அந்த மூன்றெழுத்து "வெற்றுக் கருவி" ஒன்றின் பெயர் என்பதே காரணம். அதேபோல் பெயரின் கடைசியில் வரும் புள்ளியை விண்டோஸ் ஒன்றும் சொல்லாமலே நீக்கிவிடும். தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டு "ராமசாமி எஸ்." என்று ஆட்களின் பெயரைப் பதியும் பட்டியல்களில் கோப்புறைக்கும் பட்டியலுக்கும் பொருத்தம் கெடுவது இதனால்தான்.

தமிழில் பெயர் வைக்கத் தொடங்கியதும் சிக்கல் வேறொரு கட்டத்துக்குப் போகிறது. இலங்கையில் நீண்ட காலம் தமிழ்த் தட்டச்சு என்றாலே பாமினி எழுத்துருதான். பாமினி தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்து வைக்கும் முறை. அதில் "தமிழ்" என்று தட்டினால் கணினியில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஆவணத்துக்குள் எழுத்துருவை மாற்றலாம் என்பதால் அது தமிழாகத் தெரியும். கோப்புப் பட்டியலில் எழுத்துருவை மாற்ற இடமில்லை. அங்கே அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே நிற்கும். "ஈ" என்ற எழுத்துக்குப் பாமினியில் உரிய குறி "<". அது விலக்கப்பட்ட ஒன்பது குறிகளில் ஒன்று. ஆகவே ஈயில் தொடங்கும் பெயரைப் பாமினி முறையில் கோப்புக்கு வைக்கவே இயலாது. உள்ளே தமிழும் வெளியே ஆங்கிலமுமாகக் கோப்புகளைச் சேமிக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனிக் குறி தரும் யுனிகோட் பரவிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

யுனிகோட் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் இன்னொன்றைக் கொண்டுவந்தது. ஒரே தமிழ் எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம். "தோட்டம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்று. உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. கணினிக்கு முதலாவது ஏழு குறி, இரண்டாவது எட்டுக் குறி. அதாவது இரண்டு வெவ்வேறு பெயர். விண்டோஸும் லினக்ஸும் அந்த இரண்டு பெயர்களிலும் ஒரே கோப்புறைக்குள் இரண்டு கோப்புகளை வைக்க இடம் கொடுக்கும். பார்ப்பவருக்கு "தோட்டம்" என்று இரண்டு முறை தெரியும். எது எது என்று சொல்ல வழியில்லை. தேடல் பெட்டியில் தட்டினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாமல் போகலாம்.

ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் வரும் எல்லா இடத்திலும் இந்த ஆபத்து உண்டு. மலையகத்தின் சொற்களை எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு பரந்தது என்பது விளங்கும்: தோட்டம், தொழிலாளர், கொழுந்து, கொட்டகலை, கொத்மலை, டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, சிவனொளிபாதமலை. அன்றாடம் கோப்புக்குப் பெயராகக்கூடிய சொற்களில் பல இந்த வலைக்குள் வந்துவிடுகின்றன.

பெரும்பாலான விசைப்பலகைகள் இப்போது ஒற்றைக் குறியையே தருகின்றன. ஆனால் அப்பிள் நிறுவனம் 1998இல் கொண்டுவந்த கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவி சரியாக எழுதப்படாததாக இருந்தாலும் பிரிந்த வடிவம் வெளிவரலாம். அப்படி ஒரு மெக் கணினியில் பெயரிட்ட கோப்புகள் பிரிந்த வடிவத்திலேயே விண்டோஸ் கணினிக்கு வந்தால், ஏற்கெனவே இருக்கும் அதே பெயர்க் கோப்பின் மேல் எழுதப்படாமல் பக்கத்தில் இரட்டையாக வந்து உட்காரும். இரண்டில் ஒன்றை அழிக்கும் நேரத்தில்தான் இழப்பு நேர்கிறது.

இணையத் தளங்களின் பெயர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ".இலங்கை" என்ற தமிழ் மேல்நிலைப் பெயர் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பெயர்களில் சேர்த்தெழுதும் ஒரே வடிவம்தான் செல்லும் என்று விதியே இருக்கிறது. கோப்புப் பெயர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. லினக்ஸில் 2019 முதல் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

விதியால் தீராத இரட்டைகளும் உண்டு. அரச கடிதங்களில் அமைச்சரின் பெயருக்கு முன் வரும் "கௌரவ" என்ற சொல்லை ஔகாரக் குறியோடு தட்டுவதற்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்து "கெளரவ" என்று தட்டுவோர் ஏராளம். "ஸ்ரீ" என்ற எழுத்தை ஸகரத்தோடும் தட்டலாம், 2005இல் யுனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீபாத யாத்திரைப் படங்களை இந்தப் பெயரில் சேமித்தவர் அடுத்த ஆண்டு அதே சொல்லைத் தட்டித் தேடும்போது ஒன்றும் வராமல் போகலாம். நாம் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடையில்லாத எழுத்து வேறுபாடுகளும் இதே தீங்கைச் செய்கின்றன. அட்டன் என்பவரும் ஹட்டன் என்பவரும் ஒரே ஊரைத்தான் சொல்கிறார்கள். நுவரெலியாவும் நுவரேலியாவும் ஒன்றுதான். கணினிக்கு அவை நான்கு ஊர்கள்.

நீளக் கணக்கிலும் தமிழுக்கு இழப்பு உண்டு. "நுவரெலியா" நம் கணக்கில் ஐந்து எழுத்து. யுனிகோட் கணக்கில் ஒன்பது குறி. லினக்ஸில் அது 27 பைட் எடுக்கும். அதே ஊரை ஆங்கிலத்தில் இடைவெளியோடு எழுதினால் 12 பைட். ஒரு பெயருக்கு 255 பைட் என்பது லினக்ஸின் எல்லை, ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஆகவே தமிழில் 85 குறிக்கு மேல் போக முடியாது. கடிதத்தின் முழுப் பொருளையும் பெயராக வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த எல்லையை விரைவிலேயே தொட்டுவிடுவார்கள். விண்டோஸில் எல்லை வேறு மாதிரி. ட்ரைவ் தொடங்கிக் கோப்புப் பெயர் வரை முழு வழியும் 260 குறிக்குள் அடங்க வேண்டும் என்பது பழைய விதி. 2016இல் விண்டோஸ் 10 இந்த எல்லையைத் தளர்த்தியது. ஆனால் அமைப்பை மாற்றினால்தான் தளரும், செயலியும் அதை ஏற்று எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆண்டு, மாதம், பிரிவு என்று ஆழமாக அடுக்கிய ஒரு கோப்புறையை இன்னொரு கோப்புறைக்குள் "பெக்கப்" என்று வைக்கும்போது சில கோப்புகள் மட்டும் பிரதியாகாமல் நின்றுவிடுவது இதனால்தான். தவறிய கோப்புகளின் பெயரைக் கவனியாமல் "ஸ்கிப்" என்பதை அழுத்திவிட்டு, பிரதி முழுமையாக இருக்கிறது என்று நம்பிவிடுவது வழக்கமாக நடக்கிறது.

இவையெல்லாம் எழுத்தும் அளவும் பற்றியவை. வழி என்ற ஏற்பாட்டிலேயே இன்னும் ஆழமான குறை ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் அது எதைப் பற்றியது என்பதையும் ஒரே வரியில் சொல்ல வைக்கிறோம். உலகம் மாறும்போது அந்த வரி பொய்யாகிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. அதுவரை "அம்பகமுவ" என்ற கோப்புறைக்குள் இருந்த ஒரு தெருவிளக்குக் கோரிக்கை இனி நோர்வூட்டுக்கு உரியது. பழைய கடிதங்களைப் புதிய கோப்புறைக்கு நகர்த்துவதா, இருந்த இடத்திலேயே விடுவதா? நகர்த்தினால், அந்தக் கடிதத்தைச் சுட்டிய எல்லா இணைப்புகளும் அறுந்துபோகும். விட்டால், நோர்வூட்டில் தேடுபவருக்கு அது அகப்படாது. மரம்போல் கிளைத்துப் போகும் கோப்புறை அமைப்பில் ஒரு கோப்பு ஒரு கிளையில்தான் இருக்க முடியும் என்பதால் இதற்குச் சரியான விடை இல்லை.

தோட்டங்களின் நிலைமையும் இதுதான். வெளிநாட்டு, உள்நாட்டுக் கம்பனிகளிடம் இருந்த தோட்டங்கள் 1975இல் தேசியமயமாகி ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழ் வந்தன. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே குடும்பம். நிர்வாகத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இதற்கு மேல், ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றுமாகத் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் இருப்பது வழமை. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரின் 30 ஆண்டுச் சேவையைக் காட்டும் கோப்புகளைக் கம்பனியின் பெயரால் அடுக்கினால் அவரது வாழ்க்கை மூன்று கோப்புறைகளில் சிதறிக் கிடக்கும்.

குறுக்குவழிகள் இந்த இறுக்கத்தைத் தளர்த்த வந்தவை. ஒரு கோப்பு ஓரிடத்தில் இருக்க, அதைச் சுட்டும் குறிப்பை வேண்டிய இடங்களில் எல்லாம் வைக்கலாம். யுனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு இரண்டு வகை உண்டு. ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டாவது பெயரைச் சூட்டுவது வன் இணைப்பு. எந்தப் பெயரை அழித்தாலும் மற்றது உயிரோடு இருக்கும், ஆனால் ஒரு டிஸ்க்கைத் தாண்டி அது செல்லாது. வழியை எழுத்தாக எழுதிவைக்கும் குறியீட்டு இணைப்பு 1983இல் பெர்க்லி யுனிக்ஸ் மூலம் பரவியது. அது எங்கும் செல்லும். சுட்டிய கோப்பு நகர்ந்துவிட்டால் வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அப்பிள் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த ஏலியஸ் என்ற ஏற்பாடு வழியோடு கோப்பின் உள் எண்ணையும் சேர்த்து வைத்தது. அதனால் கோப்பை நகர்த்தினாலும் பெயரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். இவற்றுள் சரியான திசையில் வைக்கப்பட்ட அடி அதுவே. விண்டோஸ் குறுக்குவழி குறியீட்டு இணைப்புக்கும் ஏலியஸுக்கும் நடுவே நிற்கிறது: கணினியின் சொந்த டிஸ்க்கில் ஓரளவு தேடிப் பார்க்கும், பென் டிரைவில் கைவிட்டுவிடும்.

அட்டன், தலவாக்கலை நகரங்களின் கொமியூனிகேஷன் கடைகளில் இந்தக் குறை அன்றாடம் வெளிப்படுகிறது. வீட்டுக் கணினியின் டெஸ்க்டொப்பில் இருந்த படத்தைப் பென் டிரைவுக்குப் பிரதி செய்துகொண்டு அச்சடிக்க வருகிறார் ஒருவர். கடையில் திறந்தால் "கோப்பைக் காணவில்லை" என்ற செய்தி வருகிறது. அவர் கொண்டுவந்தது குறுக்குவழியை மட்டும். ஓரிரு கிலோபைட் அளவுள்ள அந்தக் குறிப்பில் இருப்பது அவரது வீட்டுக் கணினியின் வழி. மூல ஆவணம் வீட்டிலேயே இருக்கிறது. குறுக்குவழிக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு அம்புக்குறி மட்டுமே என்பது வடிவமைப்பின் பிழை; பயன்படுத்துபவரின் அறியாமை என்று அதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

ட்ரைவுக்கு ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராக வைக்கும் சிபிஎம் காலத்து வழக்கம் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு கணினியில் "இ" ட்ரைவாக இருந்த பென் டிரைவ் இன்னொன்றில் "எஃப்" ஆகிறது. சம்பளக் கணக்குக்கான எக்செல் கோப்பு ஒன்று, செக்ரோல் விபரம் உள்ள இன்னொரு எக்செல் கோப்பின் கட்டங்களை வழியோடு குறித்துவைத்திருக்கிறது என்று கொள்வோம். அந்த வழி மாறியதும் எக்செல் இணைப்பைப் புதுப்பிக்கவா என்று கேட்கும்; புதுப்பிக்க இயலாவிட்டால் கடைசியாகத் தெரிந்த பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பிழை என்று தெரிந்தால் திருத்தலாம். சரிபோல் தோன்றும் பழைய எண் சம்பளப் பட்டியலில் அப்படியே போய்விடும்.

குறுக்குவழியின் பெயரையும் படத்தையும் யாரும் விரும்பியபடி வைக்கலாம் என்பது தீயவர்களுக்கு வசதியானது. பென் டிரைவில் உள்ள கோப்புறைகளை எல்லாம் மறைத்துவிட்டு, அதே பெயரில், கோப்புறையின் படத்தோடு, குறுக்குவழிகளை உண்டாக்கும் வைரஸ்கள் நம் நாட்டில் பலருக்கும் அறிமுகமானவை. அதைத் திறந்தவுடன் வைரஸ் இயங்கும், பிறகு உண்மையான கோப்புறையும் திறக்கும். ஆகவே சந்தேகம் வராது. கோப்புகள் போய்விட்டன என்று எண்ணிப் பென் டிரைவை ஃபோர்மட் செய்பவர்கள், மறைந்து மட்டுமே இருந்தவற்றை உண்மையிலேயே அழித்துவிடுகிறார்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினாலே அவை தெரியும். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் இன்னும் ஒரு படி மேலே போனது: குறுக்குவழியின் படத்தை விண்டோஸ் திரையில் காட்டினாலே போதும், யாரும் அழுத்தாமலே அது உள்ளே நுழைந்தது. பெயரின் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்துக் காட்டுவதைப் பயன்படுத்தி, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் "ஐ லவ் யூ" வைரஸ் ஓர் எளிய எழுத்துக் கோப்புப்போல் வேடமிட்டு உலகைச் சுற்றியது.

கட்டளை எழுதி வேலை செய்வோருக்கும் குறுக்குகள் உண்டு. ஒற்றைப் புள்ளி நிற்கும் இடத்தையும், இரட்டைப் புள்ளி மேல் கோப்புறையையும், "~" குறி பயனரின் சொந்தக் கோப்புறையையும் குறிக்கும். குறியீட்டு இணைப்பு ஒன்றின் வழியாக உள்ளே போனவர் இரட்டைப் புள்ளி போட்டு மேலே வந்தால், வந்த வழியே திரும்புவாரா, இணைப்பு சுட்டிய இடத்தின் மேலுக்குப் போவாரா என்பதில் செயலிக்குச் செயலி விடை மாறும். யுனிக்ஸ் வல்லுநர் ரொப் பைக் 2000இல் இதற்கென்றே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இடைவெளி உள்ள பெயர்களைக் கட்டளைகள் இரண்டு பெயர்களாகப் பிரித்துப் படிப்பது இன்னொரு பழைய நோய். 2001 நவம்பரில் வெளியான ஐடியூன்ஸ் 2 நிறுவியில் வழியைச் சுற்றி மேற்கோள் குறி விடுபட்டிருந்தது. சில மெக் கணினிகளின் டிஸ்க்குகளில் இருந்த கோப்புகள் அழிந்தன. தமிழில் பெயர் வைக்கும்போது இரண்டு மூன்று சொற்களை இடைவெளிவிட்டு எழுதுவதே இயல்பு என்பதால் இந்த ஆபத்து நமக்கு அந்நியமானது இல்லை.

கைத்தொலைபேசி இவற்றை எல்லாம் மறைத்துவிட்டதுபோல் தோன்றினாலும் தீர்க்கவில்லை. டிஜிட்டல் கமெராக்களும் சில கைத்தொலைபேசிகளும் படத்துக்கு நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட எட்டெழுத்துப் பெயரை வைக்கின்றன. 9999க்குப் பிறகு மீண்டும் 0001. பழைய பதிவேடு ஒன்றைப் பல நாட்கள் படமெடுத்தால் இரண்டு பக்கங்களுக்கு ஒரே பெயர் வரலாம். வட்சப் மூலம் படமாக அனுப்பினால் மூலப் பெயர் போய், பெரும்பாலும் வந்து சேர்ந்த நாளும் ஒரு தொடர் எண்ணுமே பெயராகிறது. பிறப்புச் சான்றிதழும் கோயில் திருவிழாப் படமும் ஒரே வரிசையில் நிற்கும்.

இந்தக் குறைகளுக்கு நடுவே நன்றாக வேலை செய்யும் ஒரு தமிழ் முன்மாதிரி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம், மலையக நூல்களும் சஞ்சிகைகளும் உட்பட இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவருகிறது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பொருள் எல்லாம் பட்டியல் பக்கத்தில் இருக்கின்றன. தலைப்பில் எழுத்துப் பிழை இருந்தால் பட்டியலில் திருத்தினால் போதும், எண் மாறாது. ஒரே ஆவணத்தை ஆசிரியர் பெயரிலும் ஆண்டின் கீழும் பொருளின் கீழும் காட்டலாம். அடையாளத்தை எண்ணிடமும் விளக்கத்தைப் பட்டியலிடமும் பிரித்துக் கொடுத்ததே இதன் வலிமை. கோப்பின் பெயருக்கு இதைவிட அதிக வேலை கொடுக்கக் கூடாது.

தோட்ட அலுவலகமோ பாடசாலையோ தொழிற்சங்கமோ குடும்பமோ இதைச் செய்யப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. 0001 என்று தொடங்கும் எண். பெயரில் ஆண்டு - மாதம் - நாள் என்ற வரிசையில் திகதி. இடைவெளிக்குப் பதில் சிறுகோடு. ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் தமிழில், அவற்றின் மாற்று எழுத்துகளோடும் பழைய பெயர்களோடும், ஓர் எளிய பட்டியலில். அம்பகமுவ, நோர்வூட் இரண்டும் பட்டியலின் ஒரே வரியில் இருக்கட்டும். அட்டனும் ஹட்டனும் இருக்கட்டும். கோப்புறைகள் ஆண்டு அளவில் நின்றால் போதும், நிர்வாகப் பிரிவுகளின் பெயரால் அடுக்க வேண்டாம். பென் டிரைவில் குறுக்குவழிகளை வைக்காமல் மூலக் கோப்பையே பிரதி செய்ய வேண்டும். அளவு சில கிலோபைட் மட்டுமே என்றால் எடுத்தது குறுக்குவழியா என்று பார்க்க வேண்டும்.

இயங்குதளத்தை உருவாக்குவோரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. "தோட்டம்" என்று இரண்டு முறை தெரியாதபடி, பெயரைப் பதியும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு தொழில்நுட்ப அளவில் சிறிய வேலை. இணையப் பெயர்களில் அது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்க் கணிமையில் ஈடுபட்டிருப்போர் இதை விடாமல் வலியுறுத்த வேண்டும். அது வரும்வரை, வீட்டில் பழைய பிறப்புச் சான்றிதழோ செக்ரோல் துண்டோ சேமலாப நிதிக் கடிதமோ வைத்திருப்பவர்கள், அவற்றைப் படமெடுத்த அன்றே எண்ணிட்டு, பட்டியலில் எழுதி, வெவ்வேறு இரண்டு இடங்களில் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.